கொதித்த தண்ணீரும் நீ படித்த படிப்பும்

என் அன்பு மகன் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்காக அம்பாந்தோட்டைக்குப் போகிறாய். பெட்டி கட்டும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டுவிட்டாள். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி என்று அவள் அடுக்குவதைப் பார்த்தால் நீ உத்தியோகத்துக்குப் போகிறாயா, கடை போடப் போகிறாயா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இந்தச் சந்தடியில் உன்னோடு தனியாகக் கதைக்க எனக்கு நேரம் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் கதைத்திருப்பேனோ தெரியாது. நேருக்கு நேர் நின்றால் எனக்கு நல்ல வார்த்தை வராது, குரல்தான் முதலில் உயரும். "கதைக்க வராட்டி எழுதுங்கோவன், ஆர் வேண்டாமெண்டது?" என்றாள் உன் அம்மா. எழுதுகிறேன். உறைக்குள் போட்டு ஒட்டாமல் திறந்தபடியே தருகிறேன். வேறு தகப்பன்மார் வாசித்தாலும் வாசிக்கட்டும். உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம், அதில் ஒளிக்க எதுவும் இல்லை. சிரிக்காமல் வாசி.

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை உயர்தரத்தில் உயிரியல் எடுத்தால் அது டொக்டராக வரும் என்று பெற்றோரும் ஊரும் சேர்ந்து முடிவுகட்டி விடுவோம். பிள்ளையை ஒருவரும் கேட்பதில்லை. இரண்டாம் முறையும் உனக்கு மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டவில்லை. மூன்றாம் முறை எழுது என்று நான் நின்றேன். நீ கையில் கடதாசியோடு வந்து, "பலாங்கொடைக் கம்பசிலை சுற்றாடல் விஞ்ஞானம் கிடைச்சிருக்கப்பா, நான் போறன்" என்றாய். அதென்ன படிப்பு என்று கேட்டேன். "எங்களைச் சுத்தி இருக்கிற எல்லாம்தான் அப்பா. தண்ணி, மண், காத்து." எனக்கு வந்த எரிச்சலில், "உதுகளைப் படிக்கிறதுக்குப் பலாங்கொடைக்கு ஏன் போவான்? முத்தத்திலை வந்து நில், எல்லாம் இஞ்சையே கிடக்கு" என்றேன். அம்மா சிரித்துவிட்டாள். நீ சிரிக்கவில்லை. முகம் சுருங்கினாலும் கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். அந்த மடிப்பிலேயே நீ போவது முடிவாகிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

உன்னைக் கொண்டுபோய் விட நானும் வந்தேன், ஞாபகம் இருக்கும். மலையும் மழையும் குளிருமாக அந்த இடம் எனக்கு வேறு நாடு போல இருந்தது. உன் அறையில் இருந்த சிங்களப் பொடியனின் தாய், நாங்கள் சாப்பிடவில்லை என்று கண்டு, தன் மகனுக்குக் கட்டிவந்த சோற்றைப் பிரித்து எங்களுக்கும் வைத்தார். அவருடைய பாஷை எனக்குத் தெரியாது, என்னுடையது அவருக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்துக் கும்பிட்டேன். முதல் தவணையில் நீ போன் எடுத்து, "வகுப்பு முழுக்க இங்கிலிசப்பா, பாதி விளங்கேல்லை" என்று குரல் தழுதழுக்கச் சொன்னாய். "விளங்கின பாதியை வடிவாப் படி, மற்றப் பாதி பின்னாலை வரும்" என்றேன். படிப்பைப் பற்றி உனக்கு நான் சொன்ன ஒரே உருப்படியான புத்திமதி அதுவாகத்தான் இருக்கும். அதையும் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ஊரில் ஆராவது கேட்டால் "மகன் கம்பசிலை" என்பேன். என்ன பாடம் என்றால் "விஞ்ஞானம்" என்பேன். முன்னால் இருக்கும் சுற்றாடலை மட்டும் விழுங்கிவிடுவேன். அளவெட்டியில் ஒரு கலியாண வீட்டில் விடாப்பிடியாகக் கேட்டு அறிந்துகொண்ட ஒருவர், "ஓ, மரம் நடுற படிப்போ?" என்றார். பாயாசக் கோப்பையைப் பாதியில் கீழே வைத்துவிட்டேன். அவருக்குப் பதில் சொல்ல எனக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்ததுதான் பெரிய எரிச்சல்.

மூன்றாம் வருட விடுமுறையில் நீ ஒரு பெட்டி நிறைய வெற்றுப் போத்தல்களோடு வந்தாய். கடைசி வருட ஆய்வுக்கு எங்கள் பக்கத்துக் கிணறுகளின் தண்ணீரை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று கெஞ்சினாய். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக் கிணற்றைச் சந்தேகிப்பது அந்த வீட்டுப் பெண்ணைக் குறை சொல்வது போலத்தான். கலியாணம் பேச வருகிறவர்கள் கூட ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்து, "நல்ல தண்ணிதான்" என்று சொன்ன பிறகுதானே மற்றக் கதை. "எங்கடை கிணத்திலை என்ன குறையைக் கண்டனீர் தம்பி?" என்று உன்னை மறித்தவர்களை எனக்குத் தெரியும். உனக்குத் துணைக்கு வராமல் நானும் அவர்கள் பக்கம்தான் தலையாட்டினேன். எங்கள் கிணற்றில் நீ போத்தலை இறக்கியபோது பக்கத்தில் நின்று, "உதைச் சோதிச்சு என்னத்துக்கு? வலிகாமத்திலையே உப்பிடித் தண்ணி இல்லை" என்று பெருமை பேசியதும் நான்தான்.

பிறகு நீ கொப்பியும் கையுமாகத் தோட்டத்துக்கு வந்தாய். வெங்காயத்துக்கு எத்தனை தரம் யூரியா போடுகிறேன் என்று கேட்டாய். தேவையானளவு போடுகிறேன் என்றேன். "அந்தத் தேவையானளவு எவ்வளவப்பா?" என்று நீ திருப்பிக் கேட்டதும் எனக்குக் கொதி வந்துவிட்டது. "நீ திண்ட சோறும் உன்ரை டியூசன் காசும் உந்த யூரியாவிலை வந்ததடா! உந்த வெங்காயம்தான் உன்னைப் படிப்பிச்சது. இப்ப எனக்குப் படிப்பிக்க வாறியோ?" என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களுக்கும் கேட்கக் கத்தினேன். நீ "ஓமப்பா, தெரியும்" என்றாய். உன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அது இல்லாதபடியால் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. நீ போத்தல்களைக் கட்டிக்கொண்டு கம்பசுக்குத் திரும்பிவிட்டாய்.

அடுத்த மாதம் உன் அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்தாள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் குட்டி பிறந்தாள். வீடு நிறைந்துபோனது. பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டதால் டொக்டர்மார் பால்மா கொடுக்கச் சொன்னார்கள். அம்மா ஒரு பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சரக்குக் கறி, மறுபக்கம் குட்டிக்குத் தண்ணீர் என்று குசினியை விட்டு வெளியே வரவில்லை. பிள்ளைக்குக் கொடுக்கும் தண்ணீர் என்று கேத்திலை அடுப்பில் வைத்தால் இறக்க மனம் வராது அவளுக்கு. "ஒரு கொதி காணாது, வடிவாக் கொதிக்க வேணும்" என்று பாதியளவு ஆவியாகப் போகும்வரை வைத்திருப்பாள். அந்தக் கவனத்தைப் பார்த்து நானே மெச்சினேன். அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் நீ போன் எடுத்தாய். குட்டிக்கு எந்தத் தண்ணீரில் பால் கரைக்கிறீர்கள் என்று கேட்டாய். "எங்கடை கிணத்துத் தண்ணிதான் ராசா, நல்லாக் காய்ச்சித்தான் குடுக்கிறன், பயப்பிடாதை" என்றாள் அம்மா. உடனே நீ, "அம்மா, இனிக் குடுக்காதேங்கோ. இண்டைக்கே நிப்பாட்டுங்கோ" என்றாய்.

போனைப் பறித்து நான் சண்டைக்கு வந்தேன். எங்கள் கிணற்றில் உரத்திலிருந்து இறங்குகிற நைத்திரேற்று இருக்கக்கூடிய அளவைத் தாண்டி நிற்கிறது என்று சோதனையில் வந்திருப்பதாகச் சொன்னாய். நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை என்றாய். பெரியவர்களின் உடம்பு ஒருமாதிரிச் சமாளிக்கும், பிறந்து சில மாதமான பிள்ளையின் இரத்தத்தை அது கெடுக்கும், மூச்சு எடுத்தாலும் அது உடம்புக்குப் போய்ச் சேராது, பிள்ளை நீலம் பாரிக்கும் என்றாய். "கொதிக்க வைச்சாச் செத்துப்போகும்தானேடா?" என்று கேட்டேன். "கிருமிதான் சாகுமப்பா. இது கிருமியில்லை, உப்பு மாதிரி ஒரு சாமான். தண்ணி ஆவியாப் போகும், உது போகாது. காய்ச்சக் காய்ச்சக் கூடும்" என்றாய். உனக்கென்ன விசரா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் மத்தியானம் நீ பையோடு படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றாய். அடுத்த கிழமை உனக்குப் பரீட்சை இருந்தது, அதை நீ சொல்லவே இல்லை.

நீ வந்து பெரிய விளக்கம் எதுவும் வைக்கவில்லை. குசினிக்குள் போய், "அம்மா, ரசம் அடுப்பிலை கிடந்து வத்தினால் என்ன நடக்கும்?" என்று கேட்டாய். "உப்புக் கூடும்" என்றாள் அவள், இதென்ன கேள்வி என்ற மாதிரி. சொன்ன பிறகுதான் அடுப்பில் இருந்த கேத்திலைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே பலகையில் இருந்துவிட்டாள். "நான் நல்லதெண்டுதானேடா செய்தனான்" என்று அவள் அழத் தொடங்கியதும் நீ பக்கத்தில் குந்தி, "நீங்கள் செய்தது பிழையில்லையம்மா. கிருமிக்கு அதுதான் மருந்து. உங்களுக்கு உதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, அவ்வளவுதான்" என்றாய். தம்பி, பட்டமளிப்பு விழாவில் எடுத்த உன் படத்தை நான் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆனால் அந்த வசனத்தை நீ சொன்ன விதத்தைத்தான் நான் உன் பட்டமாக நினைக்கிறேன். படித்தவன் தாயைக் குற்றவாளியாக்காமல் உண்மையைச் சொன்னான். அதற்கு என் முதல் நன்றி.

நான் அவ்வளவு லேசில் இறங்கவில்லை. "உங்கள் ரண்டு பேரையும் உந்தத் தண்ணியிலைதான் வளத்தது. என்ன கெட்டுப் போனியள்?" என்றேன். நீ நிதானமாக, "நாங்கள் தாய்ப்பாலப்பா. அதோடை, நாங்கள் பிறக்கேக்கை யூரியா இஞ்சாலை வரவிடேல்லைத்தானே? மாட்டெருவும் குழையும்தானே போட்டனீங்கள்" என்றாய். சண்டைக் காலத்தில் தடை போட்டு வைத்திருந்த யூரியாவுக்காக நாங்கள் பட்ட பாட்டை நானே உனக்குக் கதைகதையாகச் சொல்லியிருக்கிறேன். என் கதையை எடுத்து என்னையே மடக்கிவிட்டாய். அதுவரை குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்த உன் அக்கா எழும்பினாள். சுடுதண்ணிப் போத்தலை எடுத்துப் போய் வாழையடியில் ஊற்றினாள். "அப்பா, தம்பி சொல்லுற தண்ணியை எடுத்துக்கொண்டு வாங்கோ. ஆர் சரியெண்டு என்ரை பிள்ளையிலை பரிசோதிச்சுப் பாக்க ஏலாது" என்றாள். அவளுக்கு முன்னால் என் கத்தல் எடுபடாது என்பது உனக்குத் தெரியும். தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

அன்றிலிருந்து குட்டிக்காகச் சந்தியில் இருக்கிற சுத்திகரிப்புத் தண்ணீர்க் கடைக்குப் போய்வருகிறேன். முதல் நாட்களில் வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டுதான் போனேன். தலைமுறையாக ஊருக்கே தண்ணீர் கொடுத்த வீட்டுக்காரன் கானோடு வரிசையில் நிற்கிறேனே என்று வெட்கமாக இருந்தது. "என்னண்ணை, கிணறு வத்திப் போச்சோ?" என்று கேட்டவனுக்கு, "பேத்திக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நாள் போனபின் திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய் யோசிக்கத் தொடங்கினேன். வெங்காயத் தாள் மஞ்சளடித்தால் யூரியா எறிவோம், பச்சை பிடிக்கும். நன்றாகத் தண்ணீர் இறைத்தால் சில நாளில் திரும்ப மஞ்சளடிக்கும். உரம் கழுவுப்பட்டுப் போச்சு என்று சொல்லித் திரும்பவும் எறிவோம். கழுவுப்பட்டுப் போச்சு என்று எத்தனையோ போகமாக நானே சொல்லி வந்திருக்கிறேன். போனது எங்கே போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், அதில் வெடிப்பும் ஓட்டையும், அதற்குக் கீழே நாங்கள் குடிக்கும் தண்ணீர். கிணறு இறைத்துத் தூர் வாரின நாட்களில் உள்ளே இறங்கி அதெல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன் நான். மேலே போட்ட உரத்தையும் கீழே இருக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒருவர் தேவைப்பட்டது. அதுதான் நீ படித்த படிப்பு என்று சந்தியில் வரிசையில் நின்றபோது விளங்கியது.

அடுத்த போகத்துக்கு நானே உனக்குப் போன் எடுத்தேன். "அந்தத் தேவையானளவு எவ்வளவெண்டு நீயே சொல்லு பாப்பம்" என்றேன். நீ சிரித்தது கேட்டது. மண்ணைச் சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடச் சொன்னாய், இறைப்பையும் குறைக்கச் சொன்னாய். மலசலகூடக் குழியையும் கிணற்றிலிருந்து தள்ளி மாற்றச் சொன்னாய், மாற்றினோம். முதல் போகத்தில் வெங்காயம் சற்றுச் சிறுத்தது, அதை உனக்கு ஒளிக்கவில்லை, நீயும் சமாளித்துப் பேசவில்லை. கிணறு எப்போது பழையபடி வரும் என்று கேட்டேன். "வருசக் கணக்காகுமப்பா. நாங்கள் ஒரு வீடு மட்டும் செய்து காணாது, எல்லாரும் செய்ய வேணும்" என்றாய். பொய்யாக ஒரு தேதி சொல்லியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேன். நீ சொல்லவில்லை. அதனால்தான் நீ சொல்லும் மற்றதெல்லாவற்றையும் இப்போது நம்புகிறேன்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. காய்ச்சல் மாற்றிய டொக்டருக்கு நாங்கள் வாழைக்குலை கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் முன்னால் அக்கா இருந்தாள், காய்ச்சல் இருந்தது, பிறகு இல்லாமல் போனது. எல்லோருக்கும் தெரிகிற காரியம். நீ செய்ததற்குச் சாட்சியே இல்லை. குட்டி நீலம் பாரிக்கவில்லை. அந்தத் தண்ணீரையே கொடுத்திருந்தால் பாரித்திருப்பாளா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. அவள் வளர்ந்த பிறகு அவளுக்குச் சொல்ல ஒரு கதையும் எங்களிடம் இல்லை. நீ எடுத்திருக்கும் தொழிலில் வேலை சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு எவன் வாழைக்குலை கொண்டு வருவான்? ஆனபடியால் நான் சொல்கிறேன். நன்றி, தம்பி. உன் அக்கா சார்பிலும் சொல்கிறேன், பேசத் தெரியாத குட்டியின் சார்பிலும் சொல்கிறேன். இப்போது அவள் கதிரையைப் பிடித்து நடக்கிறாள், என் மூக்குக்கண்ணாடியைப் பறிக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்து வருகிறது.

நீ போகிற இடத்திலும் தண்ணீர்ப் பிரச்சினைதான் என்றாய். அங்கும் என்னைப் போல விவசாயிகள் இருப்பார்கள், என்னை விடச் சத்தமாகக் கத்துவார்கள். முதல் நாளே சோதனை அளவைக் காட்டாதே. அவர்கள் வீட்டில் என்ன சமைக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேள். உனக்குச் சிங்களம் நன்றாக வரும், அதற்கு அந்தக் கம்பசுக்கும் உன் அறைப் பொடியனுக்கும் நான் கடமைப்பட்டவன். ஆரும் உன் மேல் பாய்ந்தால், அவனுடைய கையிலும் ஏதோ ஒரு வெங்காயம் இருக்கிறது, அது ஆரையோ படிப்பிக்கிறது என்று நினைத்துக்கொள். என்னைப் பொறுத்த மாதிரி அவனையும் பொறு. நேரத்துக்குச் சாப்பிடு. கிழமைக்கு ஒருதரமாவது அம்மாவுக்குப் போன் எடு, எனக்கு எடுக்காவிட்டாலும் காரியமில்லை, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பின்வளவு வீட்டில் இருக்கிறாரே, உனக்குப் போத்தல் இறக்க விடாமல் படலையைச் சாத்தியவர், அவருடைய மகளும் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்திருக்கிறாள். புட்டிப்பால்தான் என்று அம்மா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். நீ வேலைக் கடதாசி விஷயமாகத் தெல்லிப்பழையில் அலைந்த நாள் அது. உனக்குச் சொல்லி உன்னை அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கானை நிரப்பிக்கொண்டு நானே போனேன். "கொதிக்க வைச்சுக் குடுக்கிற தண்ணியிலை என்ன பிழை? உமக்கும் மகன்ரை விசர் பிடிச்சிட்டுதோ?" என்று அவர் முற்றத்தில் நின்று பாய்ந்தார். எனக்கும் கத்த வேண்டும் போல வந்தது. கத்தவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற மகளிடம், "பிள்ளை, உங்கடை வீட்டிலை ரசம் வத்தினால் என்ன செய்யும்?" என்று கேட்டேன். "உப்புக் கூடும்" என்றவள் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தகப்பனைத் தாண்டி வந்து கானை வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் சந்திக்குப் போய் வருகிறேன். அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. நேற்று வேலிக்கு மேலால் பார்த்தேன். குழந்தை முற்றத்துப் பாயில் கிடந்து கை கால் அடித்துக்கொண்டிருந்தது. நல்ல சிவப்பு. அந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் நடக்கவில்லை, தம்பி.

உன்
அப்பா